ஏரிக்கரையில் பொறுக்குவது போதுமா? சேர்ந்து வாங்குவது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள். மாதம் ஒருமுறை பக்கத்து ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். அடுத்த மாதம் போனால் மறுபடி அதே அளவு கிடக்கிறது. பலர் சலித்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டார்கள். தொடர்வதில் பயன் உண்டா? வாங்கும் விஷயத்தில் நாங்கள் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

பயன் உண்டு, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆனால் பொறுக்கியதை மூட்டை கட்டி அனுப்பியதும் வேலை முடிந்தது என்று கலைந்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்களுக்குத் தேவையான தகவல் அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது.

அடுத்த முறை இரண்டு மூட்டையையாவது தரையில் கொட்டிப் பிரியுங்கள். பாட்டில், மூடி, கேரி பேக், ஷாம்பு பாக்கெட், தின்பண்ட உறை என்று தனித்தனியாகக் குவித்து, எண்ணி, எது எந்தக் கம்பெனியுடையது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓஷன் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1986 முதல் கடற்கரைச் சுத்தப்படுத்தலில் தன்னார்வலர்களை இப்படித்தான் எழுத வைக்கிறது. பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக் இயக்கம் ஒருபடி மேலே போய், 2018 முதல் பல நாடுகளில் கம்பெனி பெயர் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிட்டது. பெயரோடு கேட்டால்தான் பதில் சொல்லும் கட்டாயம் வருகிறது.

பிரித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பாட்டில்களை விடச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. காரணம் எளிது. பாட்டிலுக்குப் பழைய பொருள் சந்தையில் விலை இருக்கிறது, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாக்கெட் அப்படியல்ல. ஒன்றை ஓரத்தில் பிடித்துக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் வெள்ளியாக மின்னும். அலுமினியமும் இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சமாச்சாரம் அது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம், எடை மிகக் குறைவு, அதனால் எடுக்க ஆளில்லை. மழை வந்தால் சாக்கடை வழியாக நேரே ஏரிக்குத்தான் போகிறது. ஆகவே நீங்கள் சேர்ந்து முதலில் நிறுத்த வேண்டியது இந்தப் பாக்கெட்டுகளைத்தான்.

எப்படி? ஷாம்பு, சோப்பு நீர், தரை துடைக்கும் திரவம் போன்றவற்றைப் பெரிய கேனாக வாங்கி, அவரவர் வீட்டுப் பழைய பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். தனி ஒரு குடும்பம் போய் ‘ரீஃபில் உண்டா?’ என்று கேட்டால் கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். நாற்பது குடும்பங்கள் மாதம் எவ்வளவு வாங்கும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சே வேறு. அப்போது மூன்று விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: காலி கேனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, கேன் மேல் தயாரிப்பு தேதியும் சேர்மானங்களும் இருக்கின்றனவா, அளவு குறைந்தால் யாரிடம் சொல்வது. கேனைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். இல்லாவிட்டால் சின்னக் குப்பைக்குப் பதில் பெரிய குப்பை என்றாகிவிடும்.

இதெல்லாம் நடக்குமா என்று தோன்றினால் இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மாட்பரி என்ற சிற்றூரில் ரெபெக்கா ஹோஸ்கிங் என்ற ஒளிப்பதிவாளர் கடைக்காரர்களிடம் பேசியதன் பேரில், 2007-ல் 43 வணிகர்கள் பிளாஸ்டிக் பை கொடுப்பதை ஒன்றாக நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் பண்டனூன் மக்கள் 2009-ல் கூட்டம் போட்டு, பாட்டில் தண்ணீர் விற்பதில்லை என்று முடிவெடுத்து, தெருவில் குடிநீர்க் குழாய்கள் அமைத்தார்கள். இரண்டு இடத்திலும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். ஒரு கடை மட்டும் பையை நிறுத்தினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம், எல்லாரும் சேர்ந்து நிறுத்தும்போது இல்லாமல் போகிறது.

கேள்வி: ‘மக்கும் பை’ என்று போட்ட பைகளை மொத்தமாக வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். விலை கூடுதல்தான். வாங்கலாமா?

வேண்டாம், அந்தப் பணத்தை வைத்திருங்கள். ‘மக்கும்’ என்று அச்சடித்திருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. எங்கே, எத்தனை நாளில், எந்தச் சூட்டில் மக்கும் என்பதுதான் கேள்வி. பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பைகளை மண்ணிலும் கடல்நீரிலும் போட்டுவைத்துப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்ற ஒரு பை மூன்று வருடம் கழித்தும் சாமான் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது.

‘ஆக்ஸோ’ என்ற சொல் பையில் இருந்தால் இன்னும் மோசம். அதில் சேர்த்திருக்கும் ரசாயனம் பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியாக உதிர்க்கும், கண்ணுக்குத் தெரியாத துகளாகி மீன் வயிற்றுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் அவ்வகைப் பொருட்களை விற்கவே தடை போட்டது. சரி, ‘கம்போஸ்டபிள்’, அதாவது உரமாகிவிடும், என்று சான்றிதழோடு வருவது? அது உண்மையாகவே மக்கும், ஆனால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில் இயங்கும் உரத் தொழிற்சாலையை மனதில் வைத்துக் கொடுப்பது. உங்கள் பகுதிக் குப்பை அங்கே போகவில்லை என்றால் அந்தச் சான்றிதழால் உங்கள் ஏரிக்கு லாபமில்லை.

புதுத் துணிப்பை அச்சடித்து விநியோகிக்கவும் வேண்டாம். இது பலருக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் போட்ட கணக்குப்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்கில் சமன் ஆகவே 131 முறை பயன்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே பைகள் மடித்துக் கிடக்கின்றன. வெளியே கிளம்பும்போது கையில் ஒன்று இருக்க வேண்டும், அதுதான் விஷயம். மறந்து வந்தவர் எடுத்துக்கொள்ள, கடை வாசலில் ஒரு பெட்டி வைத்து உபரிப் பைகளைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: துணி துவைக்கும் தண்ணீரும் ஏரியைக் கெடுக்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

கெடுக்கும். சலவைத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அது பாசிக்கு உரம். பாசி பெருகி, செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மிதக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ‘பாஸ்பேட் இல்லாதது’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், எழுதவில்லை என்றால் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், பாலியஸ்டர், நைலான் துணிகள் ஒவ்வொரு துவையலிலும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கின்றன, புதுத் துணி என்றால் இன்னும் அதிகம். மெஷினை நிறைத்துக் குளிர்ந்த நீரில் ஓட்டினால் உதிர்வது குறையும். வடிகட்டியில் சேரும் பஞ்சைத் தொட்டியில் அலசாமல், கையால் எடுத்துக் குப்பையில் போடுங்கள்.