பேசத் தெரியாத பிளேயர், பேச்சில் கெட்டிக்காரக் கேரக்டர்: டைஸ் உருட்டுவதா, பேசச் சொல்வதா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதையில் நடிக்கிற டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கும் இடம் வந்தால், பிளேயர் வாயைத் திறந்து பேசியே ஆக வேண்டுமா, டைஸ் உருட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியால் எங்கள் குழுவில் ஒருவனை நான் இழக்கப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி. ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். குழுவில் ஒருவன் விற்பனைப் பிரதிநிதி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். இன்னொருவன் நாலு பேர் பார்த்தாலே குரல் உள்ளே போய்விடுகிற பையன். அவன் எடுத்த கேரக்டர் கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறன், 18 உள்ள பாணன். சாதாரண ஆளுக்கு அது 10 இருக்கும். தன்னால் முடியாததைச் செய்து பார்க்கத்தானே இந்த விளையாட்டுக்கே வருகிறோம்?

ஒருநாள் கோட்டை வாசலில் காவலன் மறிக்கிறான். எங்கள் ஊர்க் கோட்டையை மனதில் வைத்துத்தான் அமைத்திருந்தேன்: சுற்றிலும் அகழி, உள்ளே போக ஒரே வழி. "நான் காவலனிடம் பேசி உள்ளே விடச் சொல்றேன்" என்றான் பையன். "என்ன பேசுவே, அப்படியே பேசிக் காட்டு" என்றேன். அவன் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்புறம் விற்பனைக்காரன் பேசினான், காவலன் வழிவிட்டான். விற்பனைக்காரனுடைய கேரக்டருக்குக் கரிஸ்மா வெறும் 8. பையன் இரண்டு வாரம் வரவில்லை. தப்பு என் மேல்தான். கத்திச் சண்டைக்கு யாரையும் எழுந்து வாள் வீசச் சொல்வதில்லையே, பேச்சுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன்?

அந்த இடைவெளியில்தான் மாமாவோடு பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைச் சந்தை. அங்கே பேரம் வாயால் நடப்பதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும், உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. மாமா மாட்டின் பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். விற்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து ஓட்டி வந்தார், திருப்பி ஓட்டிப் போக மனசு இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். அதற்குப் பிறகு துண்டுக்குள் கை போனது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விற்பவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், எதற்குக் கீழே இறங்க மாட்டார். இவ்வளவுதான் பேரம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு என்பிசிக்கும், அதாவது காவலனைப் போல நான் நடத்துகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும், இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதி வைக்கிறேன். பிளேயரிடம் வசனம் கேட்பதில்லை. என்ன கேட்கிறாய், பதிலுக்கு அவனுக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்கிறேன். பேச ஆசைப்படுபவர் பேசலாம், அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

இருபதுமுக டைஸில் விழுவதோடு கேரக்டரின் திறமைக்கான எண்ணையும் கூட்டி ஓர் இலக்கை எட்ட வேண்டும். அந்த இலக்கு எண் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? ஐந்தாம் பதிப்பின் 2014 டிஎம் கையேட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. எதிராளி நட்பா, நடுநிலையா, பகையா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நடுநிலை ஆளிடம் அவனுக்கு ஆபத்தில்லாத உதவி கேட்டால் 10 போதும், சின்ன ஆபத்துள்ள உதவிக்கு 20 வேண்டும். ஆக, கேட்பதை மாற்றினால் எண்ணும் மாறுகிறது. எதிரே வருபவரின் மனநிலையை டைஸால் பார்ப்பது புதுசும் இல்லை. 1974-ல் வந்த முதல் பதிப்பிலேயே இரண்டு ஆறுமுக டைஸ் உருட்டிப் பார்க்கிற அட்டவணை உண்டு.

எந்த எண்ணாலும் நடக்காத காரியமும் இருக்கிறது, அங்கே உருட்டவே விடாதீர்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது கிருஷ்ணன் தூது பார்த்திருப்பீர்கள். பாதி ராஜ்ஜியம் கேட்டு, ஐந்து ஊராக இறங்கி, ஐந்து வீடாவது கொடு என்கிற அளவுக்கு வந்தும் துரியோதனன் மசியவில்லை. பேசியது கண்ணனே! துரியோதனனுக்கு அதுதான் எல்லை. ராஜாவிடம் போய் "கிரீடத்தைக் கொடு" என்று கேட்டு டைஸில் 20 விழுந்தாலும் கிரீடம் வராது. 2014 விதிப்படி 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்குத்தான், பேச்சுக்கு இல்லை. அப்புறம், ஒரு பிளேயர் இன்னொரு பிளேயரின் கேரக்டரை டைஸ் போட்டுச் சம்மதிக்க வைக்க நான் விடுவதே இல்லை.

பையனை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தேன். மறுபடி ஒரு இரவு, மறுபடி ஒரு வாசல். இந்தக் காவலனுக்கு நான் எழுதியிருந்தது: மாற்று ஆள் வரவில்லை, பசி, தலைவனுக்குப் பயம், கதவை மட்டும் திறக்க மாட்டான். "அவன் முகம் எப்படி இருக்கு?" என்று பையன் கேட்டான். சோர்ந்துபோய் இருக்கிறது, அடிக்கடி தெருக்கோடியைப் பார்க்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "கதவைத் திறக்கச் சொல்லலை. என் சாப்பாட்டைக் கொடுக்கிறேன். உள்ளே இருக்கிற வைத்தியர்கிட்ட இந்தச் சீட்டை மட்டும் கொடுக்கச் சொல்றேன்" என்றான். காவலனுக்கு இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, 10 போதும் என்றேன். ஏழு விழுந்தது, அவன் கேரக்டரின் பேச்சுத் திறமைக்கான ஆறைக் கூட்டினால் பதின்மூன்று. காவலன் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினான். வைத்தியர் தானே வாசலுக்கு வந்து இவர்களை உள்ளே கூட்டிப் போனார்.

விற்பனைக்காரன் எழுந்து போய்ப் பையனுக்குத்தான் முதல் டீயை ஊற்றிக் கொடுத்தான்.