செங்கல்லில் வில் செய்ய முடியாது

அன்புள்ள ஐயா,

தாத்தா வீட்டை இடித்தபோது கிடைத்த ஆறடிச் செங்கல் மரப் பலகைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒரு வில் செய்ய ஆசை. கனமான மரம்தான் வலுவான வில்லைத் தரும் என்று நினைக்கிறேன். செங்கல், மெர்பாவ், பாலாவ் ஆகிய மூன்றில் எது சிறந்தது? எந்தப் பசை, எந்த எண்ணெய் பயன்படுத்தலாம்?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

அந்த மலாய்ப் பெயரைத் தயவுசெய்து ‘செங்கால்’ என்று எழுதுங்கள். செங்கல்லில் சுவர் எழுப்பலாம், வில் செய்ய முடியாது. பசைக்கு அதன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எண்ணெய் உங்கள் விருப்பம்.

கனம் பற்றிய உங்கள் வரியைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. செங்காலின் அடர்த்தி கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவிற்கள் யூ மரத்தால் ஆனவை. அம்மரம் 670 கிலோவை ஒட்டியது. கனம்தான் வலு என்றால் அந்த வில்லாளிகள் எல்லோரும் ஏமாளிகளா? அடர்ந்த மரத்தின் நன்மை, வில்லின் கையை, அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதியை, ஒடுக்கமாகவும் மெல்லியதாகவும் செதுக்க இடம் கொடுப்பது மட்டுமே. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதை மறந்து தடியாக விட்டுவிட்டால், வில்லின் நுனிகள் கனத்து, அம்புக்குச் சேர வேண்டிய வேகத்தை அவையே விழுங்கிவிடும். செங்காலின் புகழ் திரங்கானுப் படகுகளில் நீரையும் பூச்சியையும் தாங்கி வந்த புகழ். உங்கள் வில்லைக் கறையான் வந்து வளைக்கப் போவதில்லை.

சென்ற வாரம்தான், ரப்பர் தோட்டத்தில் அப்பா தோளில் பால் சுமந்த உடைந்த காண்டாக் கம்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். இரு முனைகளிலும் ரப்பர் பால் வாளி தொங்க, அவர் நடக்க நடக்க அந்தக் கம்பு வளைந்து நிமிர்ந்துகொண்டே வரும். நாண் இல்லாத வில் என்றே அதைச் சொல்லலாம். தமக்கு வேண்டிய கம்பை அவர் ஒருபோதும் ரம்பத்தால் அறுத்ததில்லை. ஆப்பு வைத்துப் பிளந்து, நார் போன வழியிலேயே செதுக்குவார். ஒரு முறை மட்டும் ஸ்டோரில் கொடுத்த அறுத்த கம்பை, வழவழப்பைப் பார்த்து மயங்கி வாங்கிக்கொண்டார். அது முந்தையதைவிடக் கனமான மரம். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது நடுவில் சாய்வாகப் பிளந்தது. பால் முழுவதும் செம்மண்ணில் கொட்டியது. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் அன்றைய கணக்கில் பாதியை வெட்டினார். உடைந்த இடத்தில் நார்கள் கம்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிந்து ஓடியிருந்ததை அப்பா விரலால் தடவிக் காட்டியபோது எனக்கு ஒன்பது வயது.

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறமான முதுகு இழுபடுகிறது, அவரை நோக்கிய வயிறு நெரிபடுகிறது. முதுகில் ஒரு நார் வழியில் அறுந்து வெளியே வந்திருந்தால் பிளவு அங்கேதான் தொடங்கும். உடையும் துண்டு முகத்துக்கு நேராகவும் வரலாம். குளிர்நாட்டு மரமானால் ஒரே ஆண்டு வளையத்தைப் பின்பற்றி முதுகைச் செதுக்கலாம். நம் காட்டு மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவான வளையம் கிடையாது. நாரைத்தான் நம்ப வேண்டும். அந்த நாரும் செங்காலில், மெர்பாவில் ஓர் அடுக்கு இடமாகவும் அடுத்த அடுக்கு வலமாகவும் பின்னி வளர்வதுண்டு. கதவுக்கு அந்தப் பின்னல் அழகு, வில்லுக்கு ஆபத்து. நாரைப் பார்க்காமல் மரத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு அலைவது, ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல் வருவதைப் போன்றது. கோபித்துக்கொள்ளாதீர்கள், தாத்தா வீட்டுப் பலகையை விறகாக்காமல் வைத்திருக்கும் உங்கள் மேல் எனக்கு அன்புதான்.

ஆகவே மூன்றில் எது சிறந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு பலகைகளின் இரு முனைகளிலும் ஒரு சாண் நீளம் வெட்டி, உளியை நிறுத்தித் தட்டிப் பிளந்து பாருங்கள். பிளந்த முகம் மேடும் பள்ளமுமாக அலையடித்தால் அந்தப் பலகையில் பெஞ்சு செய்யுங்கள். நேராகப் பிளந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பலகையின் நிறத்தைக் காட்டும் படம் வேண்டாம். பிளந்த முகம் மட்டும் போதும்.