பசையோ ஆணியோ இல்லாமல், பழைய அமெரிக்க மரப்பீப்பாய்கள் எப்படி ஒழுகாமல் இருந்தன?

பீப்பாய்த் தச்சர் என்பவர், குறுகிய பலகைகளை வட்டமாக நிறுத்தி, வளையமிட்டு இறுக்கி, பீப்பாய், வாளி, தொட்டி ஆகியவற்றைச் செய்பவர். 1620-இல் ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றி வந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஆல்டன் இத்தொழிலரே. மாவும் உப்பிட்ட மீனும் புகையிலையும் பீப்பாயிலேயே கடல் கடந்த காலம் அது.

ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்றும், முனைகளில் குறுகியும், விளிம்புகளில் சாய்வாகவும் இழைக்கப்பட்டதால், நெருப்பின் சூட்டில் வளைத்து வளையத்தை அடித்து இறக்கும்போது பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டன. உள்ளே திரவம் நிறைந்ததும் மரம் ஊறி, மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைப் போல, எஞ்சிய இடைவெளியையும் அடைத்துவிடும். அந்தச் சாய்வைப் பெரும்பாலும் கண்ணாலேயே கணித்த கைத்திறன்தான் எனக்கு இதில் மிகுந்த வியப்பளிக்கிறது. மரத்தேர்வும் முக்கியம்: வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும்; துளைகள் திறந்திருக்கும் சிவப்பு ஓக்கில் சாராயம் கசிந்துவிடும்.

பீப்பாயின் நடுப்பகுதி புடைத்திருப்பது அழகுக்காக என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வளையங்களை நடுவை நோக்கி அடிக்க அடிக்க இறுக்கம் கூடுவதும், கனத்த பீப்பாயை ஒரே ஆள் உருட்டித் திருப்ப முடிவதும் அந்த வடிவத்தால்தான்.