சைடு வருமானம்: இந்த மாதக் கடிதங்களுக்குப் பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் "வீட்டிலிருந்தபடியே" என்றுதான் தொடங்குகின்றன. உங்களுக்கு என்ன கைவேலை தெரியும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், கையிலிருந்து எவ்வளவு போட முடியும் என்று எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை நடக்கிற தூரம். வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கலாம் என்று நானும் ஓரகத்தியும் நினைக்கிறோம். ஒரு சாப்பாடு என்ன விலை வைக்கலாம்? (தோட்டப்பாளையம்)

விலை கடைசிக் கேள்வி அம்மா. முதல் கேள்வி, யார் வாங்குவார்கள் என்பது. அங்கே பல லாட்ஜுகளில் அறைக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ள இடம் தருகிறார்கள். ஆக, உங்கள் போட்டி பக்கத்து மெஸ் கிடையாது, அந்த அறை அடுப்புதான். கூட வந்தவர் ஒரே ஆளாக இருந்து, பகல் முழுக்க ஓ.பி. வரிசையில் நின்று திரும்பும் குடும்பம்தான் உங்களிடம் வாங்கும். அவர்கள் தேடுவது நம் சாம்பார் அல்ல. சாதம், நீர்க்கப் பருப்பு, கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு, வாரத்தில் சில நாள் மீன். புளியும் மிளகாயும் குறைய வேண்டும். சாப்பாடு நோயாளிக்கா, கூட இருப்பவருக்கா என்று ஒவ்வொரு ஆர்டரிலும் கேளுங்கள். நோயாளிக்கு என்றால் உப்பு எவ்வளவு என்று டாக்டர் சொன்னதையும் கேளுங்கள்.

இப்போது கணக்கு. 80 ரூபாய் வீதம் 20 சாப்பாடு என்றால் 1,600. அரிசி, பருப்பு, காய், மீன், எண்ணெய்க்கு 1,000 போய்விடும். கேஸ், டப்பா, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு இன்னொரு 270. மிச்சம் 330. காலை ஐந்து மணியிலிருந்து ஒரு மணி வரை இரண்டு பேர் நின்றால் ஆளுக்கு மணிக்கு 20 ரூபாய்தான். அதே அடுப்பில், அதே எட்டு மணி நேரத்தில் 40 சாப்பாடு இறக்கினால்தான் இது தொழில். 40 வராது என்று தோன்றினால் இரவுச் சப்பாத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது, வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்துவிடுங்கள். சின்ன அளவுக்கு ஆண்டுக் கட்டணம் நூறு ரூபாய் அளவுதான். முதல் நாளிலிருந்தே வரவு செலவு நோட்டு போடுங்கள்.

சார், முதலீடு இல்லாமல் மாதம் 50,000 வருகிற மாதிரி நல்ல பார்ட் டைம் வேலை இருந்தால் சொல்லுங்கள். அவசரம். (ஊர் எழுதவில்லை)

ஊரும் இல்லை, படிப்பும் இல்லை, தெரிந்த வேலையும் இல்லை. இப்படி ஒரு வேலை இருப்பதாக யார் சொன்னாலும் அவர் உங்களிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறார். அவசரத்தில் இருக்கும்போது இந்த மாதிரி விளம்பரங்களைத் திறக்கவே திறக்காதீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

வீட்டில் ஷூ அப்பர் (மேல்பாகம்) தைத்துக் கொடுக்கிறேன். பதினைந்து வருடமாக ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன், ரேட் ஏறவே இல்லை. வேறு வேலைக்குப் போகலாமா? (பேர்ணாம்பட்டு)

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் உங்களைப் போல் எத்தனையோ பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து தைக்கிறார்கள். அந்த ஷூ கடல் கடந்து போகிறது. தைத்த கைக்கு ஜோடிக்குச் சில ரூபாய். உங்கள் கோபம் நியாயமானது.

விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஆனால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். தனியாகக் கேட்டால் ஏஜெண்ட் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மாதம் நோட்டு போடுங்கள்: எத்தனை ஜோடி, எத்தனை மணி நேரம், நூலுக்கும் ஊசிக்கும் கையிலிருந்து எவ்வளவு, திருப்பி அனுப்பியது எத்தனை. அந்த நோட்டோடு ஐந்து பேரும் ஒன்றாகப் போய் உட்காருங்கள். அடுத்தது, காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. பதினைந்து வருடம் தைத்தும் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல்லூரி முடிந்ததும் பைக்கில் உணவு டெலிவரி. ஒரு நாளைக்கு 600 ரூபாய் வருகிறது. தொடரலாமா? (காட்பாடி)

80 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 180. டயர், ஆயில், சர்வீஸ் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வையுங்கள், 80. மிச்சம் 340. அது கட்டுப்படி ஆகிறதா என்று நீங்களே பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் கைகொடுக்காமல் போகலாம். பாலிசியைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

வீட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று 2,500 கட்டிச் சேர்ந்தேன். ஒரு வாரம் ராத்திரி பகலாக டைப் செய்தேன். 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவு வரவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 8,000 கட்டாவிட்டால் கோர்ட் என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. (குடியாத்தம்)

ஒரு பைசா கட்டாதீர்கள் அம்மா. அந்த நோட்டீஸ் மிரட்டல், அவ்வளவுதான். 90 சதவீதம் யாருக்குமே வராத மாதிரிதான் அந்த வேலையை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் டைப் செய்தது யாருக்கும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது உங்கள் 2,500. பேசியதையும் அனுப்பியதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியக்கூடாதே என்ற பயத்தை வைத்துத்தான் இரண்டாவது தடவை கறக்கிறார்கள்.

எத்தனையாவது முறையாக எழுதுகிறேனோ தெரியாது, மறுபடி எழுதுகிறேன்: வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், டெபாசிட், ஐ.டி. கார்டு, பயிற்சி என்று எந்தப் பெயர் வைத்துக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தெரிந்த ஒரு நிறுவனம், லட்சம் போட்டால் மாதம் 8,000 தருகிறது. ஆள் சேர்த்துவிட்டால் எனக்கு 2% கமிஷன். எல்.ஐ.சி. ஏஜெண்ட் மாதிரிதானே, சைடு வருமானமாக எடுத்துக்கொள்ளலாமா? என் பணம் மூன்று மாதமாகச் சரியாக வந்துகொண்டிருக்கிறது. (சத்துவாச்சாரி)

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 2022-ல் காட்பாடியிலும் சுற்று ஊர்களிலும் நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் ஏமாந்தது உங்கள் காதுக்கு எட்டவில்லையா? அன்றைக்கும் லட்சத்துக்கு எட்டாயிரம் என்றுதான் சொன்னார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் பையும் பத்திரமுமாக நின்ற கூட்டத்தில் என் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 8,000 என்றால் வருடம் 96,000. அதே லட்சத்தை பேங்கில் எஃப்.டி. போட்டால் வருடத்துக்கு ஆறேழாயிரம் வரும். உங்கள் நிறுவனம் ஒரு மாதத்தில் அதைவிட அதிகமாகத் தருகிறது. எந்தத் தொழிலில் போட்டால் ஒரு லட்சம் வருடத்தில் 96,000 சம்பாதித்து, அதற்கு மேல் ஏஜெண்ட் கமிஷனும் ஏ.சி. ஆபீஸும் தாங்கும்? ஒன்றும் இல்லை. உங்களுக்கு மூன்று மாதமாக வருவது பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணம். இரண்டாவது தவணையை நீங்கள் தைரியமாகப் போட வேண்டும், நாலு பேரிடம் "எனக்கு வருகிறதே" என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அது ஒழுங்காக வருகிறது.

என் சின்னம்மா மகன் இப்படித்தான் ஏஜெண்ட் ஆனான். நல்ல பையன், தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவன். அதனால்தான் அவனை நம்பி முப்பது வீடுகளுக்கு மேல் கொடுத்தார்கள். பூ விற்கிற ஒரு பாட்டி, பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த இரண்டு சவரனை அடகு வைத்து எடுத்து வந்தார். மஞ்சள் பையில் பணம், மேலே ஒரு முழம் கதம்பம். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கமிஷன் அவனுக்கும் தேவையாக இருந்தது. ஆபீஸ் பூட்டிய மறுநாள் காலை அந்தப் பாட்டி கத்தவில்லை, சாபம் விடவில்லை. அவன் வீட்டுத் திண்ணையில் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தார். அவன் வாங்கிய மொத்தக் கமிஷன் ஒன்றரை லட்சம் இருக்கும். ஊரை விட்டே போய்விட்டான். தன் அம்மா காரியத்துக்குக்கூட இருட்டிய பிறகுதான் வந்து போனான்.

எல்.ஐ.சி. ஏஜெண்டோடு ஒப்பிடாதீர்கள். அவர் முறைப்படி நியமிக்கப்பட்டவர், அவருக்கு மேலே கேள்வி கேட்க ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. உங்களுக்கு மேலே யார்? 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில் பணம் போடச் சொல்லி ஆள் பிடிப்பதும் குற்றம், ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. தமிழ்நாட்டுக்கென்று 1997-லிருந்தே டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. "நானும் பணம் போட்டு ஏமாந்தவன்தான்" என்று ஏஜெண்ட் சொன்னால் போலீஸ் விட்டுவிடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் அசலை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், புகாரும் கொடுங்கள். ஏற்கெனவே யாரையாவது சேர்த்திருந்தால் அவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொல்லாதீர்கள்.

என் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாதம் கொடுத்தால் 10,000 தருகிறேன் என்கிறார் சீனியர் ஒருவர். (மாணவர், காட்பாடி)

கொடுக்காதீர்கள். யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே பேங்க்குக்குப் போய்க் கணக்கை நிறுத்திவிட்டு, அப்பாவிடம் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். மாலையில் டியூஷன் எடுக்கலாமா? மனைவி பெயரில் நடத்தினால்? (திருப்பத்தூர்)

கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மனைவி படித்தவர், அவரே எடுக்கிறார் என்றால் சரி. போர்டில் அவர் பெயரும் கரும்பலகை முன் நீங்களும் என்றால் அதுவும் கூடாது.

யூடியூபில் எப்போது பணம் வரும்? (வாலாஜாபேட்டை)

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. அதுவரை கேமராவுக்குக் கடன் வாங்காதீர்கள்.

ஆற்காடு மக்கன் பேடா வீட்டில் செய்கிறேன். சென்னை, பெங்களூருக்கு கூரியரில் அனுப்பலாமா? (ஆற்காடு)

நல்ல யோசனை. ஆனால் உள்ளே கோவா இருக்கிறது, பாகில் ஊறியது, வெயிலில் தாங்காது. ஊருக்குள் தருவதை அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பினால் முதல் புகாரோடு பெயர் போய்விடும். பத்து டப்பா செய்து, கூரியர் எடுக்கிற நேரம் அளவுக்கு வெளியே வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு டப்பாவாகத் திறந்து நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். பாகைத் தனியாகக் கட்டி அனுப்ப முடியுமா என்றும் பாருங்கள்.

சென்னைக்கு விற்க, விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பெங்களூரு வேறு மாநிலம். ஒரு டப்பா விற்றாலும் பதிவு வேண்டும். அதனால் முதல் ஆறு மாதம் சென்னையோடு நிறுத்துங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் தயாரித்த தேதியும் டப்பாவில் இருக்க வேண்டும். நோட்டு போடுங்கள்.

எங்கள் நிலத்து முள்ளு கத்திரிக்காயை ஆன்லைனில் விற்க ஆசை. (அணைக்கட்டு)

கத்திரிக்காயைக் கூரியரில் அனுப்பிக் கெடுக்காதீர்கள். உழவர் அட்டை வாங்கிக்கொண்டு வேலூர் டோல்கேட் அல்லது காட்பாடி உழவர் சந்தையில் உட்காருங்கள். அங்கே ஒரு தடவை வாங்கியவர்களை வைத்து வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, சனிக்கிழமை ஆர்டர் எடுத்து ஞாயிறு காலையில் கொடுங்கள். இந்தக் காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையைப் போட்டு விற்க முறைப்படி பதிவு வேண்டும், தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆரி எம்ப்ராய்டரி வேலை கற்று ஆறு மாதம் ஆகிறது. ஆர்டர் நிறைய வருகிறது, ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. எல்லாரும் தெரிந்தவர்கள், "அக்கா, நமக்குள்ளதானே" என்று குறைக்கிறார்கள். ப்ளவுஸ் கழுத்துக்கும் இரண்டு கைக்கும் 900 வாங்குகிறேன். (ஆரணி)

நேரமும் எழுதியிருந்தீர்கள், நன்றி. 14 மணி நேரம் என்கிறீர்கள். ஜரி, மணி, கல் 250 போக 650. மணிக்கு 46 ரூபாய். கண்ணும் முதுகும் போகிற வேலைக்கு இது மிகக் குறைவு.

ஆரணிப் பட்டு வாங்கப் பல ஆயிரம் கொடுக்கிறவர்கள்தான் ப்ளவுஸுக்குப் பேரம் பேசுகிறார்கள். நீங்கள் துணியை ஃப்ரேமில் கட்டிய பிறகு விலை பேசுகிறீர்கள், தப்பு அங்கேதான். மூன்று டிசைனைச் சின்னத் துணியில் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் விலையை எழுதித் தொங்கவிடுங்கள். 900-க்கு என்ன வரும், 1,500-க்கு என்ன வரும், 2,500-க்கு என்ன வரும் என்று வந்தவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். குறைக்கச் சொன்னால் விலையைக் குறைக்காமல் கல்லைக் குறையுங்கள். பாதிப் பணம் வாங்காமல் ஊசியைத் தொடாதீர்கள். நான் முன்பணம் கட்டாதே என்று எழுதுவது வேலை தேடிப் போகிறவருக்கு. நீங்கள் வேலை செய்து கொடுப்பவர், தாராளமாகக் கேளுங்கள்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் மூன்று துணியையும் தொங்கவிட்டுவிட்டு, ஒரு மாதக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், சேர்த்துப் பார்ப்போம்.