எண்ணெய், நெய்யை அறவே நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு ஏன் குறையவில்லை?

எண்ணெயை நிறுத்தியதைச் சொன்னீர்கள்; அதற்குப் பதில் தட்டில் எது கூடியது என்று சொல்லவில்லை. சோறுதான் கூடியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. தாளிக்காத குழம்பு தொண்டையில் இறங்க இன்னொரு கரண்டி சோறு கேட்கும்.

நான் மருத்துவர் இல்லை, காட்பாடிப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். கையும் காலும் குச்சியாக இருக்கும் எனக்கு, ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 262 என்று ரிப்போர்ட் வந்ததும், மாமியார் முதல் மாடிவீட்டு அக்கா வரை எண்ணெய்ப் பாட்டிலைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். டாக்டர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை. டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றி அளந்தார். ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவளுக்கு அளவு! 88 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். பின்கழுத்துக் கறுப்பையும் பார்த்தார். கவரிங் செயினால் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த கறுப்பு அது. ரத்தத்துச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் இன்சுலினுக்கு உடல் மசியாததன் அடையாளம் என்றார்.

விஷயம் இதுதான். உடல் மசியாதபோது கணையம் இன்சுலினை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அப்போதும் தசை சர்க்கரையைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பை உண்டாக்கச் சொல்லும் கட்டளை மட்டும் பழுதில்லாமல் நடக்கிறது. மிஞ்சிய மாவுச்சத்து அங்கே கொழுப்பாகி, ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்குகிறது.

‘கேழ்வரகுக்கு மாறுங்கள்’ என்று கிளம்பிவிடாதீர்கள். காலையில் நான் சாப்பிட்டதே களிதான், இரண்டு உருண்டை. மாவாக அரைத்துக் கிண்டிய கேழ்வரகும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். தாத்தா சாப்பிட்டாரே என்பீர்கள். அவர் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டினார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது களி ஒரே உருண்டை, கூடவே கீரையும் முட்டையும். மதியம் முதலில் முள்ளுக்கத்தரிக்காயும் மொச்சையும், அப்புறம்தான் சோறு. டீயில் சர்க்கரை கிடையாது. சாப்பிட்டதும் கொஞ்சம் நடை. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தாளிப்பு திரும்ப வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து 171. என் ஜாக்கெட்டுகளையெல்லாம் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

சோற்றைப் பழிக்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம், எண்ணெயை அண்டாவில் ஊற்றவும் சொல்லவில்லை. குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

எனக்கு இன்னும் சரிப்படாதது இரவுச் சாப்பாடு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பட்டுத்துணியைக் கொண்டுவந்து, ‘இன்றைக்கே வேண்டும்’ என்று கடை வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். முடித்துக் கொடுத்துவிட்டு நான் தட்டைத் தொடும்போது பதினொரு மணி. கூலியைச் சொன்னால் மட்டும் ‘ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவா அக்கா?’ என்கிறார்கள். லைனிங் வைத்து ஒன்று தைத்துப் பார்க்கட்டும்.