பழைய ரீவீ பெட்டி வீட்டுப் பாட்டுப் பெட்டியாகிறது: கேள்வி பதில்

மூலையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு ரீவீ பெட்டியில் (ரீவீயோடு செருகிப் பாவிக்கும் சிறிய பெட்டி) பாட்டுக் கேட்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்கள் பலர் கேட்டிருந்தீர்கள். நான் கல்லடியில் இருக்கிறேன். இப்படி மாற்றிய பெட்டி ஒன்று எங்கள் வீட்டு விறாந்தையில் தினமும் ஓடுகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரையம்பதியில் இருந்து: அண்ணன், என்னிடம் 2017இல் வாங்கிய பெட்டி இருக்கிறது. எஸ்905எக்ஸ் சிப், 1 ஜிபி ராம். வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. இது பாட்டுக்குக் காணுமா?

தாராளமாகக் காணும் தம்பி. சீடித் தரப் பாட்டு என்பது ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 2.4 எம்பிதான். இதை எடுத்து ஓட்டுவது அந்தச் சிப்புக்கு ஒரு வேலையே இல்லை. வீடியோவில் திணறுகிறது என்று பெட்டியை எறிந்துவிடாதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டு வேலையை மட்டும் கொடுங்கள். மற்ற ஆப்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கல்முனையில் இருந்து: ஆண்ட்ராய்டை அழிக்காமல் வேறு சிஸ்டம் போட முடியுமா?

முடியும். அப்படிச் செய்யத்தான் நானும் சொல்வேன். 2023இல் சில மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்குள் வாங்கும்போதே தீநிரல் இருந்தது வெளியே வந்தது. ஆகவே பெயர் தெரியாத பெட்டியில் கூகுள் கணக்கைப் போட்டு வைப்பது எனக்கு விருப்பமில்லை.

நான் பாவிப்பது லிப்ரெஎலெக். அது கோடி என்ற பிளேயரை மட்டும் ஓட்டும் சிறிய லினக்ஸ். அம்லொஜிக் (எஸ்905எக்ஸ் இந்தக் கம்பனியின் சிப்தான்) பெட்டிகளுக்கான இமேஜை, அதாவது முழு சிஸ்டமும் அடங்கிய கோப்பை இறக்கி, ஒரு மெமரி கார்டில் எழுதுங்கள். கார்டுக்குள் யூஎன்வி என்று ஒரு சிறிய கோப்பு இருக்கும். உங்கள் சிப்புக்குரிய டிடிபி (பெட்டியின் உள்ளமைப்பைச் சிஸ்டத்துக்குச் சொல்லும் கோப்பு) பெயரை அதில் போட வேண்டும். பலர் இந்த இடத்தை விட்டுவிட்டு, "திரை கறுப்பாக நிற்கிறது" என்று வருவார்கள்.

அப்புறம் கார்டைச் செருகிவிட்டு, ஏவி ஓட்டைக்குள் பாருங்கள். பல பெட்டிகளில் அந்த ஓட்டையின் அடியில் ஒரு சின்னப் பட்டன் ஒளிந்திருக்கும். நான் தென்னை ஈர்க்கின் தடித்த பக்கத்தை நறுக்கி உள்ளே விடுவேன். கம்பி விட வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும். "டிக்" என்று அமுங்குவது விரலுக்குத் தெரியும். அமுக்கியபடியே கறன்டைப் போட்டு, சின்னம் திரையில் வந்ததும் விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கார்டைக் கழற்றுங்கள், பழைய ஆண்ட்ராய்டு அப்படியே எழும்பும். எனது முதல் பெட்டியில் அவசரப்பட்டு, பொருந்தாத இமேஜை உள் நினைவகத்திலேயே எழுதினேன். அது பிறகு எழும்பவே இல்லை. கார்டில் இருந்து நன்றாக ஓடும் பெட்டியை அப்படியே விடுங்கள்.

அக்கரைப்பற்றில் இருந்து: பாட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் ரீவீயைப் போட வேண்டுமா? வாப்பா கிரிக்கெட் பார்க்கும் நேரம் சண்டை வருகிறது.

தேவையில்லை தங்கச்சி. முதல் நாள் அமைப்பதற்கு மட்டும்தான் ரீவீ. கோடியின் சேவைகள் பகுதியில் எச்டிடிபி வழியான கட்டுப்பாட்டைத் திறந்து, ஒரு கடவுச்சொல் கொடுங்கள். போனில் கோடிக்கான கோரே என்ற ஆப்பைப் போட்டால் அதுவே ரிமோட். வீட்டு வைஃபையில் இருந்தால் போதும், டேட்டா போகாது. வாப்பா நிம்மதியாக மட்ச் பார்க்கட்டும்.

களுவாஞ்சிகுடியில் இருந்து: ஏவி வயரை அம்ப்புக்குக் கொடுத்தேன். ஒரு ஸ்பீக்கரில் பாட்டு, மற்றதில் "ங்ங்" என்ற இரைச்சல்.

அந்த இரைச்சல் வீடியோ சிக்னல். முனையில் நான்கு தொடுபகுதிகள் உள்ள ஏவி வயர்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் வருவதில்லை. கமராவுடன் வந்த வயராக இருந்தால் மஞ்சள் முனையில் பாட்டு வரலாம். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதோடு, வசதி இருந்தால் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். லினக்ஸில் அநேகமானவை செருகியதும் வேலை செய்யும். மலிவுப் பெட்டியின் ஏவி வாயில் மெல்லிய சீறல் ஒன்று எப்போதும் இருக்கும், பாட்டு நிற்கும் இடங்களில் அது காதைக் குத்தும். இந்த முழு வேலையில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

பொத்துவிலில் இருந்து: டிஷ் பெட்டியை இப்படி மாற்றலாமா?

இல்லை. அது பூட்டிய பெட்டி. யூஎஸ்பியில் எம்பி3 ஓடினால் அதோடு திருப்திப்படுங்கள்.

வாழைச்சேனையில் இருந்து: அடிக்கடி கறன்ட் போகிறது. கார்ட் பழுதாகுமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பழுதாகலாம். சிஸ்டம் ஒரு கார்டில், பாட்டு வேறு பென் டிரைவில் இருக்கட்டும். பெரும்பாலான பெட்டிகளுக்கு 5 வோல்ட், 2 அம்பியர் போதும். பெட்டியின் அடியில் உள்ள எழுத்தைப் பார்த்து, அதே அளவு என்றால் பொருத்தமான வயரோடு பவர் பாங்கிலேயே ஓட்டலாம். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உப்புக் காற்றில் செருகி முனைகளில் பச்சை படியும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள்.

செங்கலடியில் இருந்து: அப்பப்பா ஆடிய வடமோடிக் கூத்து ஆறு கசெட்டில் இருக்கிறது. இதில் ஏற்ற முடியுமா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதலாம். முடியும், இந்த மழைக்கு முன்னமே செய்யுங்கள். ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் கசெட் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் மண்ணிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ஹெட்ஃபோன் வாயில் இருந்து கொம்பியூட்டரின் லைன் இன்னுக்கு வயர் கொடுத்து, ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44100 ஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒலி அளவை வடமோடி மத்தளம் உச்சத்தில் அடிக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பேச்சை வைத்து அளவெடுத்தால் மத்தளமும் சல்லரியும் வரும்போது வெடிக்கும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. சி-60 கசெட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலத்தைத் தொட வேண்டாம். கூத்துக் களரியில் ஆக்கள் கதைப்பது, பிள்ளை அழுவது எல்லாம் அந்த இரவின் பகுதிதான். கோப்பின் பெயரில் ஊர், கூத்து, ஆண்டு, அண்ணாவியார் (கூத்தைப் பழக்கியவர்) பெயர் நான்கையும் போடுங்கள். தெரியாவிட்டால் ஊரில் வயதானவர்களிடம் இப்போதே கேளுங்கள்.

அதே செங்கலடித் தம்பி: பழைய சீடியில் இருந்து எடுத்த பாட்டுகளின் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகின்றன.

அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர்கள். யூனிகோடுக்கு மாற்றி, எம்பி3டாக் என்ற மென்பொருளில் திருத்துங்கள். அம்மா போனில் தமிழிலேயே தேடி எடுப்பார்.