சைக்கிளில் மூன்று சீட்டு மாற்றியும் மரத்துப்போகிறது, டாக்டர்!

கேள்வி: வயது 41, சென்னையில் ஐ.டி. வேலை. எட்டு மாதத்துக்கு முன் ரோடு பைக் (குனிந்து வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கினேன். சனி, ஞாயிறு விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புவேன். கோவளம் தாண்டியதுமே கவட்டையில் மரத்துப்போக ஆரம்பித்துவிடுகிறது, ஆணுறுப்பில் உணர்வே இருப்பதில்லை. வீடு திரும்பி ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். தொடை இடுக்கில் அடிக்கடி புண் வேறு. மூன்று சீட்டு மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெத்தென்று பார்த்துத்தான் வாங்கினேன், மேலே ஜெல் உறையும் போட்டாயிற்று. என் அப்பா முப்பது வருடம் ஹெர்குலிஸ் சைக்கிளில் ஆலைக்குப் போய்வந்தவர், அவருக்கு ஒன்றும் ஆனதில்லை. டிசம்பரில் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்ட ஆசை. ஆண்மைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. மனைவி சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறாள்.

பதில்: கடைசியில் நைசாகச் சேர்த்த அந்தப் பயம்தான் உங்களை எழுத வைத்தது என்று தெரிகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1990களின் பின்பாதியில் அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போகும் என்று ஒரு பெரிய பீதி கிளம்பியது, இன்றைக்கும் வாட்ஸாப்பில் சுற்றுவது அதன் வால்தான். 2018இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் சைக்கிள் ஓட்டுபவர்கள், நீச்சல் அடிப்பவர்கள், ஓடுபவர்கள் என்று சுமார் 4000 ஆண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாலியல் விஷயத்தில் சைக்கிள்காரர்கள் மற்ற இரண்டு கூட்டத்துக்கும் சளைத்தவர்களாக இல்லை. அதே சமயம் மரத்துப்போவதும் புண் வருவதும் இவர்களிடம் அதிகம். ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் கண்டுகொள்ளாமலும் விடக்கூடாது. இறங்கியதும் சரியாகிவிடுகிறதே என்று எட்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உங்களைத் திட்ட வேண்டும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனை கையில் உறுத்தும். உட்காருவதற்கென்றே உடம்பில் இருப்பவை அந்த இரண்டும்தான், முழு எடையையும் தாங்கினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடையில் இருக்கும் அந்தக் கொஞ்சம் சதை அப்படி இல்லை. அந்த வழியாகத்தான் பிறப்புறுப்புக்கு உணர்வு கொடுக்கும் புடெண்டல் நரம்பும் பக்கத்திலேயே ரத்தக் குழாயும் போகின்றன. எடை எலும்பை விட்டு அந்தச் சதையில் இறங்கினால் நரம்பு நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் மரத்துப்போகிறதே, அதே கதை. மரத்துப்போன கையை உடனே எடுத்து உதறுவோம். நீங்களோ கோவளத்தில் மரத்ததை மாமல்லபுரம் வரைக்கும், திரும்பத் திருவான்மியூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

இப்போது அப்பாவின் ஹெர்குலிஸ். அந்த வண்டியில் ஹேண்டில்பார் சீட்டை விட உயரம், நிமிர்ந்துதான் உட்கார முடியும், அடியில் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட்டு. எடை மொத்தமும் எலும்பில். ஆலைக்கு எத்தனை கிலோமீட்டர் இருந்திருக்கும், ஐந்தா ஆறா? வழியில் டீக்கடையில் ஒரு தடவை இறங்கியிருப்பார். அப்புறம் இதை யாரும் யோசிப்பதில்லை, வேட்டிக்குக் கவட்டையில் தையல் கிடையாது. ரோடு பைக்கில் நீங்கள் முன்னால் குனிகிறீர்கள், குனிந்ததும் இடுப்பெலும்பு முன்பக்கமாக உருள்கிறது, எலும்பு முனை சீட்டை விட்டு எழும்பி அந்தச் சதை சீட்டின் மூக்கில் போய் அழுந்துகிறது. அப்பாவின் சீட்டையே கழற்றி உங்கள் வண்டியில் மாட்டினாலும் பலன் இருக்காது, தொடைதான் உரசிப் புண்ணாகும்.

மெத்தென்ற சீட்டு வாங்கியது தப்பு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜெல் உறை மேல் ஒருமுறை கைமுட்டி இரண்டையும் வைத்து அழுத்திப் பாருங்கள். முட்டி இரண்டும் உள்ளே போகும், நடுவில் உள்ள ஜெல் மேடாகப் பிதுங்கி மேலே வரும். உட்காரும்போதும் அதுதான் நடக்கிறது. எலும்பு அமுங்கிக் கீழே போக, எதைக் காப்பாற்ற நினைத்தீர்களோ அதையே ஜெல் நடுவிலிருந்து முட்டித் தள்ளுகிறது. 2002இல் ஜெர்மனி மருத்துவர்கள் சிலர் ஆணுறுப்பில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியை ஒட்டி, வெவ்வேறு சீட்டில் ஆட்களை உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். குறுகலான, மெத்தை அதிகம் வைத்த சீட்டில் ஆக்சிஜன் 82 சதவீதம் இறங்கியது. மூக்கே இல்லாத அகலமான சீட்டில் சுமார் 20 சதவீதம்தான். மெத்தையை விட அகலம் முக்கியம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் 90 பேருக்கு ஆறு மாதம் மூக்கில்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. மரத்துப்போகவில்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், முடிவில் 82 சதவீதம். ரோடு பைக்கில் அந்த மாதிரி சீட்டுக்குப் பழகுவது சிரமம், வளைவில் வண்டியைத் தொடையால் பிடிக்க மூக்கு உதவுகிறது என்பதால் பலருக்கு அது ஒத்துவராது. உங்களை அதை வாங்கச் சொல்லவில்லை. அந்த இடத்தில் உள்ள அழுத்தம் போனால் மரப்பும் போகிறது, அது தெரிந்தால் போதும்.

ஆக, நான்காவது சீட்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் வீட்டில் ஒரு வேலை. கூரியரில் வரும் அட்டைப்பெட்டியில், இரண்டு தாளுக்கு நடுவே நெளி வைத்த அட்டை இருக்கும், அதில் ஒரு துண்டை வெட்டி மாடிப்படியில் போட்டு, மெல்லிய டவுசரோடு அதன்மேல் உட்காருங்கள். சைக்கிளில் குனிகிற அளவுக்குக் குனிந்து, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, முப்பது எண்ணிவிட்டு எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள், சின்ன வயதில் தாளுக்கு அடியில் காசை வைத்துத் தேய்த்தோமே, அது போல. பள்ளம் இரண்டும் வெளுப்பாகத் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அளந்தால் பெரும்பாலோருக்கு 10லிருந்து 14 செ.மீ.க்குள் வரும். அதோடு ஏறக்குறைய 2 செ.மீ. கூட்டினால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம், ஓரம் சரிந்து போவதால் அந்த இரண்டைக் கூட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு 12.5 வந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் 130 மி.மீ. சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஒரு தடவை கட்டி வந்து ஒரு வாரம் ஒரு பக்கப் பிட்டத்திலேயே உட்கார்ந்து புறநோயாளிகளைப் பார்த்தேன், நர்ஸ் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. இப்போது போட்டிருப்பது 143. உங்களிடம் இருக்கும் மூன்றில் ஒன்று உங்கள் அளவுக்குக் கிட்டத்தட்ட பொருந்தினால் உறையைக் கழற்றிவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெட்டு விட்ட சீட்டு பலருக்கு ஒத்துவருகிறது, சிலருக்கு அந்த வெட்டின் விளிம்பே அறுக்கிறது. பெண்களில் இது இன்னும் ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக அவர்களுக்கு எலும்பு இடைவெளி அதிகம், வலி முன்பக்கச் சதையில் வரும், வெளியில் சொல்ல முடியாமல் சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்துத் திருப்பித்தர விடும் கடை கிடைத்தால் இருநூறு முந்நூறு அதிகமானாலும் அங்கேயே வாங்குங்கள்.

சீட்டு சரியாக இருந்தும் பொருத்தியது தப்பாக இருந்தால் பலன் இல்லை. உயரம்தான் முதல் வில்லன். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, தொடை நடுவில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சீட்டு போல மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். இரண்டு பெடல் கம்பியும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு, தொடங்குவதற்கு இது போதும். அப்புறம் நண்பர் ஒருவரைப் பின்னால் வரச்சொல்லிப் போனில் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறது என்றால் சீட்டு உயரம் அதிகம், காலுக்கு எட்டாமல் கவட்டையைத் தேய்த்துத் தேய்த்து எட்டுகிறீர்கள். உங்கள் தொடைப் புண்ணுக்குப் பாதிக் காரணம் இதுவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 5 மி.மீ. இறக்குங்கள், திரும்ப எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது சாய்வு. சீட்டின் மேல் ஒரு புத்தகத்தை நீளவாட்டில் வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறங்கள். மூக்கு ஒரு டிகிரி தூக்கியிருந்தாலும் இறக்குங்கள். மட்டத்திலிருந்து தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு டிகிரி கீழே பார்க்க வைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் இறக்கினால் முன்னால் வழுக்கி உள்ளங்கையில் எடை போய், சுண்டுவிரல் மரத்துப்போகிறது டாக்டர் என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். ஹேண்டில்பார் எட்டவில்லை என்றாலும் ஆள் தன்னையறியாமல் மூக்கில்தான் போய் உட்காருவார், அதற்கு நீளம் குறைந்த ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) போட வேண்டும், சீட்டை முன்னால் தள்ளுவது தீர்வல்ல. ஹேண்டில்பாரைச் சீட்டு மட்டத்துக்கோ சற்று மேலேயோ வையுங்கள். நான் சொன்ன அந்த 2018 ஆய்வில் அப்படி வைத்தவர்களுக்கு மரப்பும் புண்ணும் குறைவாகத்தான் இருந்தது. பந்தய வீரர்கள் மாதிரி தெரியாதுதான். தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், பழைய இடத்தில் இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடு ஒட்டிவிட்டு ஆலன் கீயைக் கையில் எடுங்கள்.

ஈ.சி.ஆரில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ரோடு தட்டை. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஏறுபவர் தானாகவே எழுந்து நின்று மிதிப்பார், சதைக்கு ரத்தம் திரும்பும். நீங்கள் கடல் காற்றுக்கு எதிராகக் குனிந்த குனியில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்சில் பீப் வைத்து, அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள். மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்று மிதிப்பவர்களுக்கு மரப்பு நன்றாகக் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

புண்ணுக்கு வருவோம். சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுகிறீர்களா? எழுதவில்லை, போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் போடுகிறார்கள். போடாதீர்கள். அதன் தையலும் ஈரமும்தான் அறுக்கிறது. மாமல்லபுரத்தில் அதே நனைந்த ஷார்ட்ஸோடு பொங்கல் வடை, ஃபில்டர் காபி, கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு குரூப் போட்டோ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிருமிக்கும் சேர்த்தே விருந்து. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல். ஷார்ட்ஸை ஒவ்வொரு தடவையும் துவைத்து, உட்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் போடுங்கள். அந்த இடத்தை வழிக்க வேண்டாம், முடி வேரில் கட்டி வர அதுதான் குறுக்குவழி, வேண்டுமானால் கத்தரித்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்தப் புண் வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு பரவினால் அது உராய்வுப் புண் இல்லை, படர்தாமரை. மெடிக்கலில் கேட்டால் ஒரு ட்யூபை எடுத்துத் தருவார்கள், இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், உங்களுக்கும் சந்தோஷம். அதில் பாதி ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அரிப்பை அமுக்கிவிட்டு பூஞ்சையைச் சுகமாக வளர்க்கும். இரண்டு மாதம் கழித்துத் தொடை முழுக்கப் பரவி, தோல் மெலிந்து வருபவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வயது 41, அடிக்கடி புண் என்கிறீர்கள், சர்க்கரையும் பாருங்கள். சீழ்க் கட்டியாக வந்தால் பிதுக்காமல் வெந்நீர் ஒத்தடம், ஆறும்வரை சைக்கிள் கிடையாது. காய்ச்சலோ, சிவப்பு பரவுவதோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம்.

மரப்பில் ஒன்றை மட்டும் சைக்கிள் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். எங்கள் பாடத்தில் சேடில் அனஸ்தீசியா என்றே ஒரு பெயர் உண்டு, குதிரையில் ஏறினால் சேணத்தில் படுமே, அந்த இடம் முழுக்க மரத்துப்போவது. முதுகுத்தண்டின் அடியில் வட்டு (டிஸ்க்) பெரிதாகப் பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்கும்போது வரும். சைக்கிள் ஓட்டாத நாளிலும் மரத்திருக்கிறது, கழுவும்போது உணர்வு தெரியவில்லை, சிறுநீர் வர மறுக்கிறது அல்லது தெரியாமல் போகிறது, கால் பலமிழக்கிறது என்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முழுதாகத் திரும்பிவிடுகிறது, அதனால் நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

இரண்டு வாரம் ஓட்டாதீர்கள். அதற்குள் அட்டை, அளவு, வீடியோ வேலையை முடியுங்கள். மூன்றாவது வாரம் 20 கி.மீ., மரக்காமல் இருந்தால் வாரத்துக்குப் பத்து பத்தாகக் கூட்டுங்கள். எந்தத் தூரத்தில் மரத்தாலும் அங்கேயே இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், அடுத்த வாரம் தூரத்தைக் குறையுங்கள். இத்தனையும் செய்து ஒன்றரை மாதத்துக்குப் பிறகும் மரத்தாலோ, விறைப்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். 200 கி.மீ. பிரெவேக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், நின்று நின்று மிதித்தாலும் நேரம் மிச்சம் இருக்கும். 100 கி.மீ.யை மரப்பில்லாமல் இரண்டு தடவை முடித்தால் டிசம்பருக்குப் பெயர் கொடுங்கள், இல்லையென்றால் ஜனவரிக்கு. மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், எலும்பு அளவை அளக்க இன்னொரு ஆள் இருந்தால் சுலபம்.